பணியாரக் கல்லில் வெந்த என்ஜின்

என் வாழ்நாளில் என்னை அதிகத் தடவை அதிர வைத்த ஆள் யார் என்று கேட்டால், யோசிக்காமல் ஓவர்லாக் அக்காவைத்தான் சொல்வேன். எனக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்தே முடித்துவிட்டதாக வீட்டிலிருந்து வந்த போன்கூட இரண்டாம் இடம்தான்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் எனக்கு வேலை. துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு, ‘உங்கள் சரக்கு ரெடியாகிக்கொண்டே இருக்கிறது’ என்று விதவிதமான இங்கிலீஷில் மெயில் அனுப்ப வேண்டும். ஒரு காம்பவுண்டில் மாடி போர்ஷனைப் பிடித்தேன். கீழே ஒரு குடும்பம் என்றார் வீட்டு ஓனர். “புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேருங்க. இருக்கற எடமே தெரியாதுங்க.”

குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த இடம் தெரிந்தது.

ஆயிரம் கொசுவுக்கு ஒரே சமயத்தில் பேய் பிடித்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சத்தம். என் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. குக்கர் வெடிக்கப் போகிறது என்று நினைத்து, துண்டோடு கீழே ஓடினேன். வாசலில் ஒருவர் நாற்காலி போட்டு அமைதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு காதிலும் மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியை அடைத்திருந்தார். நான் கத்தியதைக் கேட்டு ஒரு காதை மட்டும் திறந்தார்.

“ஒண்ணுமில்லீங்க. அவளுக்குப் பவர் பத்தலையாமுங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி அடைத்துக்கொண்டார்.

இவர்தான் அக்காவின் வீட்டுக்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

சத்தம் நின்றதும் பின்கட்டிலிருந்து அக்கா வந்தார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, கழுத்தில் இஞ்ச் டேப், ஒரு புருவம் கருகிப் பாதிதான் இருந்தது. கையில் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு என்ஜின். “ஏனுங் தம்பி, பயந்துட்டீங்களா? வாங், உள்ள வாங். ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க.”

அக்கா பனியன் கம்பெனியில் முப்பது வருஷம், துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின் ஓட்டியவர். மெஷின் நின்றுபோனால் மெக்கானிக் வரட்டும் என்று காத்திருக்கிற பொறுமை கிடையாது. தானே கழற்றிப் பூட்டிவிடுவார். பூட்டிய மெஷின் முன்னைவிட வேகமாக ஓடும். கடைசியில் கம்பெனி மெக்கானிக்குகளே அவரைப் பார்த்தால் வேறு லைன் வழியாகச் சுற்றிப் போவார்களாம். அப்படி வந்த பெயர்தான் ஓவர்லாக் அக்கா. உண்மைப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

என்ஜின் வந்த கதை சின்னது. சார்ஜாவில் இருக்கிற அவர் தம்பி, தன் பையனுக்கு ஒரு குட்டி விமானம் வாங்கி வந்திருந்தார். நிஜ என்ஜின், நிஜ எண்ணெய், ரிமோட். முதல் நாளே அது தென்னை மரத்தில் மோதிச் சுக்குநூறானது. பையன் அழுது முடித்துவிட்டு செல்போனுக்குப் போய்விட்டான். கீழே கிடந்த என்ஜினை அக்கா முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டார்.

“தொறந்து பாத்தனுங். உள்ள மூணே சாமானுங்க தம்பி. ஒரு சிலிண்டர், ஒரு பிஸ்டன், ஒரு தண்டு. இவ்வளவூண்டு ஒடம்புல எவ்வளவு கோவம் பாருங். அதுக்கே இப்புடின்னா, நாம கொஞ்சம் ஒதவி பண்ணுனா எப்புடி இருக்குமுங்?”

அந்த உதவியை நேரில் பார்த்தபோதுதான் எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. காப்பி கேட்டு உட்கார்ந்தேன். அடுப்பில் பணியாரக் கல் சூடாகிக்கொண்டிருந்தது. குழிகளை எட்டிப் பார்த்தேன். ஏழு குழியில் ஆறு காலி. நடுக்குழியில் என்ஜினின் கூடு வெந்துகொண்டிருந்தது.

“அக்கா, என்னக்கா இது?”

“சூடு பண்ணுனாத்தான் கூடு விரிஞ்சு சிலிண்டர் கழண்டு வருமுங். அடிச்சு எடுத்தா கீறல் உழுந்துரும். பணியாரக் கல்லுன்னா அளவு கச்சிதமா இருக்குதுங்க.” இடுக்கியால் எடுத்துக் கவிழ்த்து, லேசாக ஒரு தட்டு தட்டினார். வழவழவென்று ஒரு குழாய் நழுவித் துணியில் விழுந்தது. அதே கல்லைத் துடைத்துவிட்டு, “தம்பிக்கு ரெண்டு பணியாரம் ஊத்தட்டுங்களா?” என்றார். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

பல்வலி என்று பல் டாக்டரிடம் போனவர், தேய்ந்துபோன குடைகிற ஊசிகளைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த ஊசியால் புகை வெளியே போகிற துவாரத்தை முடியளவு முடியளவாக உயர்த்துவார். குத்துவிளக்கு துலக்குகிற பவுடரால், விசிறி மாட்டுகிற குழல் தண்டின் உட்புறத்தைப் பளபளப்பாக்குவார். மூடிக்கு அடியில் இருக்கிற மெல்லிய வளையத்தில் ஒன்றை உருவிவிடுவார். அழுத்தம் ஏறுமாம். பூட்டி ஓட்டுவார். சத்தம் ஒரு படி மேலே போகும். என் ஜன்னலும் ஒரு படி மேலே நடுங்கும். அந்த எரிபொருளில் விளக்கெண்ணெய் கலந்திருப்பதால், தெரு முழுக்க விளக்கெண்ணெய் வாசம். புதிதாக அந்தப் பக்கம் வருகிறவர்கள், இந்தக் காம்பவுண்டில் யாருக்கோ தீராத வயிற்றுக்கோளாறு என்று பரிதாபப்படுவார்கள்.

மூன்றாவது அதிர்ச்சியைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு இன்னும் முடியவில்லை. சித்திரை வெயில். தொண்டை வறண்டு வந்தேன். “பிரிட்ஜுல தண்ணி இருக்குது, எடுத்துக்குங்க தம்பி” என்றார் அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். திறந்தேன். மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலில் ரோஸ் மில்க் நிறத்தில், ஜில்லென்று, அழகாக ஏதோ இருந்தது. மூடியைத் திறந்து வாயருகே கொண்டுபோயிருப்பேன். அடுத்த நொடி, கையில் இடி விழுந்தது போல ஓர் அடி. பாட்டில் சுவரில் மோதிச் சிதறியது.

“அது விஷமுங்க தம்பி! என்ஜின் எண்ணெயுங்க! கண்ணு போயிரும், உசுரு போயிரும்!”

எனக்குக் கை வலித்தது. அக்காவோ சுவரோரம் அப்படியே உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். அன்று மாலையே எண்ணெய் முழுவதும் ஒரு தகர டப்பாவுக்கு மாறி, பூட்டுப் போட்டு, மொட்டைமாடிக்குப் போனது. டப்பாவில் மண்டையோடு வரையத் தெரியாமல், கோபமான ஒரு முகத்தை வரைந்து ஒட்டினார். அது பார்ப்பதற்கு வீட்டு ஓனர் போலவே இருந்தது. இனி என்ஜினே வேண்டாம் என்று இரண்டு வாரம் தொடாமல் இருந்தார். மாமாதான் பொறுக்கமாட்டாமல் சொன்னார். “ஊடு ஒரே அமைதியா இருக்குது புள்ள. தூக்கமே வரமாட்டேங்குது. எடுத்து ஓட்டித் தொலை.”

ஓட்டினார். அதுதான் வினை.

இந்த முறை என்ஜினில் விசிறி மாட்டி, ஒரு பலகையில் முடுக்கி, பலகையைப் பழைய கம்பெனி ட்ராலி ஒன்றில் பூட்டியிருந்தார். வெட்டிய துணியைத் தையல் லைனுக்குத் தள்ளிப்போகிற, நாலு சக்கர ட்ராலி. உருளாமல் இருக்க முன் சக்கரத்துக்கு இரண்டு செங்கல். அதில் ஒன்றை, துவைக்கிற கல் ஆடுகிறது என்று மாமா காலையிலேயே எடுத்துப்போய் முட்டுக் கொடுத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா என்ஜினைக் கிளப்பினார். ட்ராலி மற்றொரு செங்கல்லைச் சுற்றிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டது. பிறகு கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது. எங்கள் தெரு நல்ல சரிவு.

“தம்பீ! பிடீங்! அய்யோ முன்னால போயிறாதீங், வெரல எடுத்துரும்!”

பிடிக்கவும் வேண்டும், முன்னால் போகவும் கூடாது. நான் பின்னாலேயே ஓடினேன். எதிரே ஆள் ஏற்றி வந்த கம்பெனி வேன் பிரேக் அடித்து நின்றது. உள்ளே இருந்த இந்திக்காரப் பெண்கள் ஜன்னலில் கூடினார்கள். தயிர் பாக்கெட்டோடு மொபெட்டில் வந்துகொண்டிருந்த வீட்டு ஓனர், தன்னை நோக்கிக் கத்திக்கொண்டு வருவது என்னவென்று தெரியாமல், வண்டியைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டினார். ட்ராலி அவருக்கு ஒரு முழம் தள்ளிக் கடந்து, வேஸ்ட் குடோன் வாசலில் அடுக்கியிருந்த மூட்டைக்குள் நேராகப் புகுந்தது.

உள்ளே இருந்தது பனியன் கட்டிங் வேஸ்ட். சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை. விசிறி மூட்டையைக் கிழித்தது. தெருவே திருவிழாவானது. ஆகாயமெல்லாம் துணித்துண்டு. ஐந்தாறு நொடியில் ஒரு நீளத் துணி விசிறித் தண்டில் சுற்றி என்ஜின் மூச்சை விட்டது. அதற்கப்புறமும் வெகுநேரம் துண்டுகள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

வீட்டு ஓனர் வந்தார். தலையில் சிவப்புத் துண்டுகள், சட்டையெல்லாம் தயிர். கொங்கு நாட்டு மரியாதை என்றால் என்ன என்று அன்றுதான் பார்த்தேன். கையைக் கூப்பினார்.

“தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. உங்களாட்ட நல்ல குடும்பம் எனக்குக் கெடைக்காதுங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள தயவுபண்ணி ஊட்டக் காலி பண்ணிக் குடுத்துருங்க. காப்பி வேண்டாமுங்க, பரவால்லீங்க.”

அவர் போன பிறகுதான் அது கோபம் என்றே எனக்கு விளங்கியது.

“அவர் சொல்றதுல என்னங் தப்பு?” என்று அக்கா பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தார். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “இது நிமிசத்துக்கு எத்தன சுத்து சுத்துதுன்னு மட்டும் தெரிஞ்சா போதுங்க தம்பி. அளக்கற மீட்டர் எங்கீங்க கெடைக்கும்?”

விசாரித்தேன். கோவைக்கு வெளியே ஒரு மைதானத்தில், குட்டி விமானம் பறக்கவிடுகிறவர்கள் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள் என்று தெரிந்தது. பஸ்ஸில் போனோம். என்ஜினை அக்கா டிபன் கேரியரில் வைத்திருந்தார்.

மைதானத்தில் இருபது முப்பது பேர். கூலிங் கிளாஸ், தொப்பி, கார். பட்டுப்புடவையும் டிபன் கேரியருமாக அக்கா போய் நின்றதும், அங்கே மூத்தவராகத் தெரிந்த தாடிக்காரர் ஓடிவந்தார். “யாரோட அம்மாங்க நீங்க? சாப்பாடு கொண்டு வந்தீங்களா?”

அக்கா கேரியரைத் திறந்தார். மேல்தட்டில் தயிர்சாதம், எங்களுக்கு. கீழ்த்தட்டில் பனியன் துணி சுற்றிய என்ஜின்.

தாடிக்காரர் அதை வாங்கி, துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “யாருங்க இதைச் செஞ்சது?” என்று கேட்டபோது குரலில் ஏளனம் போயிருந்தது.

மேஜையில் பூட்டினார்கள். எல்லாரும் விசிறிக்குப் பின்னால் நின்றோம். முதலில் அதே ரகத்தில் அவர்களுடைய என்ஜின் ஒன்றை ஓட்டினார்கள். மீட்டரில் ஓர் எண் வந்தது. அப்புறம் அக்காவுடையது. அந்த எண்ணைக் கடந்தது. கடந்து ஏறியது. மீட்டர் பிடித்திருந்தவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பிடித்தார்.

“போதுங்கம்மா! குறைச்சிருங்க!” என்று தாடிக்காரர் கத்தினார்.

“இன்னுங் கொஞ்சம் இருக்குதுங்க சாமி” என்றார் அக்கா. இரண்டே விரலால், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி, எண்ணெயை அளந்து விடுகிற ஊசித்திருகை ஒரு மயிரிழை திருப்பினார். சத்தம் காது தாங்காத ஓர் உயரத்துக்குப் போய்… டிக்.

அவ்வளவுதான். விசிறி நின்றது. என்ஜினின் வயிற்றில் சுண்டைக்காய் அளவு ஓட்டை. உள்ளே பிஸ்டனைப் பிடித்திருந்த தண்டு ஒடிந்து, கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிருந்தது.

எனக்கு அழுகை முட்டியது. ஒரு வருஷ உழைப்பு. புருவம், வீடு, எல்லாம் போனது இதற்காக. அக்காவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அக்கா குனிந்து, சூடு ஆறும்வரை ஊதி, அந்த ஓட்டைக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

“உள்ள பாக்கறதுக்குச் சன்னல் வெச்சுக் குடுத்துருச்சு பாருங் தம்பி! எங்க ஒடைஞ்சுதுன்னு தெளிவாத் தெரியுதுங். இந்தத் தண்டுதான் பலமில்ல. மத்ததெல்லாம் சரிங்!” சந்தோஷத்தில் என் தோளில் ஓங்கி ஓர் அடி விழுந்தது.

தாடிக்காரர் தன் காரிலிருந்து இரண்டு என்ஜினைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். “இதையும் கொஞ்சம் பாத்துக் குடுங்கம்மா.”

“ஒடைஞ்சதப் பாத்தீங்கல்லங்?”

“பாத்ததாலதாங்க குடுக்கறேன்.”

மாசக் கடைசியில் அக்காவும் மாமாவும் குண்டடம் பக்கம் மாமாவுடைய காட்டுக்கே, அதாவது விவசாய நிலத்துக்கே, போய்விட்டார்கள். சாமான் ஏற்றும்போது வீட்டு ஓனர் வந்து வேனருகே நின்றார். கயிற்று முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்கம்மா, அது கடைசியா எத்தன சுத்து சுத்துச்சுங்க?” அக்கா எண்ணைச் சொன்னார். ஓனர் விசில் அடித்தார். அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அந்தத் தெருவுக்குப் புதுச் செய்தி.

இப்போது அக்கா என்ஜின் ஓட்டுகிற கிணற்று மோட்டார் ரூமைச் சுற்றி அரை மைலுக்கு வீடு கிடையாது. ஞாயிறு காலையில் எனக்குப் போன் வரும். “தம்பி, புதுத் தண்டு போட்டுருக்கறனுங். கேட்டுப்போட்டுச் சொல்லுங்” என்று போனை என்ஜின் பக்கம் வைத்துவிடுவார்.

இந்தக் காலத்துப் போன்களுக்கு ஒரு குணம் இருக்கிறது. மனிதக் குரலை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, இரைச்சலை முழுக்க வடிகட்டிவிடும். எனக்கு ஒன்றுமே கேட்காது. ஒரு டேங்க் எண்ணெய் தீருகிறவரை, அந்த நிசப்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். பிறகு அக்கா மூச்சிரைக்க வந்து கேட்பார்: “எப்புடீங் தம்பி?”

“போன வாரத்தைவிட ஏறியிருக்குக்கா” என்பேன். இதுவரை ஒரு ஞாயிறும் நான் போனை இடையில் வைத்ததில்லை.