அப்பாவின் மறைவுத் தேதி நிற்க மாட்டேன் என்கிறது

அனுமந்தன்பட்டி,
திங்கட்கிழமை.

திருப்பூரில் கோபமாக இருக்கும் அன்பு அக்கா பாண்டீஸ்வரிக்கு,

தம்பி கர்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் நலம். லேப்டாப்பில் இரண்டு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை. அங்கே நீ, மாமா, சினேகா எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுமென்று சுருளி வேலப்பரை வேண்டிக்கொள்கிறேன். இருபது வருஷத்துக்குப் பிறகு பேனா பிடிக்கிறேன், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். வேறு வழியில்லை. அப்பாவின் அஞ்சலி போஸ்டரில் உன் பேர் நாலாவதாக வந்ததற்காக நீ குடும்ப குரூப்பை விட்டு வெளியேறியதோடு என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டாய். பேனாவில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதை யாரும் வந்து அழிக்க முடியாது. அழிப்பது என்று ஏன் சொல்கிறேன் என்பதைத்தான் எழுத வருகிறேன், பாதியில் கிழித்துப் போடாமல் படி.

அப்பா கம்பத்தில் ஜீப் ஏறி, கேரளாப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் ஒரு நாள் வேலை, பொழுது சாய வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் ஏழு வருஷம் மூன்று மாசம் ஆகிறது. நாம் தேடாத எஸ்டேட் இல்லை, எழுதிக் கொடுக்காத போலீஸ் ஸ்டேஷன் இல்லை. இப்போது சினேகா கல்யாணப் பத்திரிகையில் தாத்தா சுருளியாண்டி பேருக்கு முன்னால் 'திரு' போடுவதா 'தெய்வத்திரு' போடுவதா என்று சம்பந்தி வீட்டார் கேட்கிறார்கள். ஒரேயடியாகக் காரியத்தைச் செய்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டி, ஊருக்குத் தெரியப்படுத்திவிட்டால் பத்திரிகை அடிக்கலாம் என்று நீ சொன்னாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அம்மாவின் பொட்டைப் பற்றி நாம் இரண்டு பேருமே பேசவில்லை. அதை இப்போது சொல்லிக்காட்டவில்லை, நானும்தான் பேசவில்லை.

நம்மூரில் போஸ்டர் அச்சுக்குப் போகிறதுக்கு முன்னால் பங்காளிகள் அத்தனை பேரும் ப்ரூஃப் பார்த்தாக வேண்டும். ஒரு பேர் விட்டுப்போனால் துக்க வீட்டிலேயே சண்டை. நான் வெப் டெவலப்பர், சும்மா இருப்பேனா? ஒரு வெப் பக்கம் செய்தேன். போஸ்டர் அதில் தெரியும். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் லிங்க் போகும், அவரவர் போனிலிருந்தே திருத்தலாம், யார் திருத்தினாலும் எல்லாருக்கும் அந்த நிமிஷமே தெரியும். ரொம்ப ஜனநாயகமான ஏற்பாடு. ஒரே நாளில் ராக்கையா சித்தப்பா தன் பேரை மூன்று இடத்தில் போட்டுவிட்டார். அவர் மகன் மகிழன் தன் பேருக்குப் பின்னால் எம்.பி.ஏ. சேர்த்தான், அவன் இன்னும் இரண்டு பேப்பர் எழுத வேண்டும். உன் பேரை நாலாவதாகத் தள்ளியது யாரென்று எனக்குத் தெரியும், கல்யாணம் முடியும்வரை சொல்ல மாட்டேன். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்தபோது 'மறைவு' என்ற இடத்தில் தேதி இல்லை. பூசாரி சொன்னபடி அப்பா வீட்டை விட்டுப் போன தேதியைத்தான் போட்டிருந்தேன். யாரோ தெரியாமல் கையை வைத்துவிட்டார்கள் என்று நினைத்து மறுபடி போட்டேன்.

பிறகுதான் உறைத்தது. அந்தத் தேதிப் பெட்டியைக் காலியாக விட முடியாது. தேதி இல்லாமல் சேமித்தால் 'தேதி கட்டாயம்' என்று சிவப்பு எழுத்தில் திட்டுகிற மாதிரி நானே எழுதியிருந்தேன். நாகஜோதிக்குப் போன் செய்தேன். உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிற பிள்ளை, எங்கள் ப்ரோக்ராமர் மீட்டப்பில் என்னைவிட விவரம். "ஏண்ணே, வெப் பக்கத்துல மட்டும் செக் பண்ணிட்டு சர்வர்ல செக் பண்ணாம விட்டுட்டீகளா? வாசக்கதவைப் பூட்டிட்டுக் கொல்லைக்கதவைத் தொறந்து போட்ட கணக்கால்ல இருக்கு" என்று சிரித்தாள். மானம் போயிற்று. அன்றைக்கே சர்வரிலும் பூட்டுப் போட்டேன், நானே காலியாக அனுப்பிப் பார்த்தேன், பத்து தடவையும் திருப்பி அனுப்பியது. அடுத்த ஞாயிறு, பதினொன்றே கால் மணி, தேதி இல்லை. பட்டப்பகல். வெளியே மைக் செட்டில் காதுகுத்துப் பாட்டு ஓடுகிறது, நான் மறுபடி தேதியைப் போட்டேன்.

மூன்றாவது ஞாயிறு, அதாவது நேற்று, எங்கள் மீட்டப். கம்பத்தில் திராட்சை கமிஷன் கடைக்கு மேல் மாடியில் மாசம் ஒரு தடவை கூடுகிறோம் என்று உனக்குத் தெரியும். பேர்தான் ப்ரோக்ராமர் கூட்டம். வருகிற பன்னிரண்டு பேரில் நாலு பேர் பிரிண்டர் ரிப்பேருக்கு வருகிறவர்கள். போன மாசம் ஒருத்தர் தண்ணி மோட்டார் ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார், அதையும் நாகஜோதிதான் சரி செய்து கொடுத்தாள். நேற்றுப் பேச்சு என் முறை. தலைப்பு, தப்பான தகவல் உள்ளே வராமல் தடுப்பது எப்படி. சிரிக்காதே. உதாரணத்துக்கு நம் போஸ்டர் பக்கத்தையே ப்ரொஜெக்டரில் சுவர் நிறையப் போட்டு, "இந்தத் தேதியை இனிமே யாராலயும் அழிக்க முடியாது" என்று சொல்லி வாயை மூடவில்லை, ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. யாரோ பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த ஆளின் கர்சர் மெதுவாக நகர்ந்து வந்தது, அக்கா. நேராகத் தேதிக்குப் போகவில்லை. அப்பா படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அப்புறம் அம்மா பேருக்குப் போயிற்று. அப்புறம் பேரன் பேத்திகள் வரிசையில் ஒவ்வொரு பேராக, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி. அப்பா போன பிறகு பிறந்த உன் சின்னவன் பேருக்கு வந்ததும் திரும்ப ஒரு தடவை முதலிலிருந்து போயிற்று. கடைசியில் தேதிக்கு வந்து, வருஷத்தில் கடைசி எண்ணை அழித்தது. கொஞ்சம் நிறுத்தி அடுத்ததை. நடுவில் தவறாக ஒரு எழுத்து விழுந்தது, அதையும் அழித்துவிட்டுத் தொடர்ந்தது. டீ டம்ளர் வைத்திருந்த யாரும் டீ குடிக்கவில்லை. பிரிண்டர் ரிப்பேருக்கு வந்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார், பிரிண்டரைக் கூட எடுக்கவில்லை. 'தேதி கட்டாயம்' என்று சிவப்பாக வந்தது, ஒரு நிமிஷம் நின்றது, தானாக மறைந்தது. காலிப் பெட்டி சேமிக்கப்பட்டுவிட்டது. புள்ளி அணைந்தது.

நாகஜோதி சிரிக்கவில்லை. "அண்ணே, லாகைத் தொறங்க" என்றாள். யார் எப்போது திருத்தினார்கள் என்று சர்வர் குறித்து வைக்கிற பதிவு அது. அக்கா, உன்னிடம் பொய் எதுக்கு, முதல் ஞாயிறே நான் அதைப் பார்த்திருக்கலாம். பார்க்கப் பயந்துகொண்டு பார்க்கவில்லை. திறந்தேன். மூன்று ஞாயிறும் பதினொரு மணிக்கு மேல், ஒரே ஆள். சுவரில் பெரிசாக விழுந்தது: 'திருத்தியவர்: அவுக.'

மற்றவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. லிங்க் அனுப்ப அம்மா போனில் இருந்த நாற்பத்தோரு நம்பரையும் பேரோடு அப்படியே ஏற்றியிருந்தேன். காலேஜ் படிக்கும்போது அந்தப் போனில் பேர்களைப் பதிந்து கொடுத்தவன் நான்தான். அப்பா நம்பரை என்ன பேரில் போட என்று கேட்டபோது, புருஷன் பேரை வாயால் சொல்லாத அம்மா, "அவுகன்னு போடு" என்றாள். போட்டேன்.

நாம் முதல் வருஷத்தோடு கூப்பிட்டு ஓய்ந்த அந்த நம்பரை அங்கேயே கூப்பிட்டேன். பதிவு செய்த பெண் குரல் மலையாளத்தில் பேசியது. குமுளியிலிருந்து மாசாமாசம் கூட்டத்துக்கு ஜீப்பில் இறங்கி வருகிற ஷெரின் கேட்டுவிட்டு, "எல்லைக்கு வெளியில் இருக்கு, பின்னே விளிக்கான், அப்புறம் கூப்பிடச் சொல்றா சேட்டா" என்றாள். நாகஜோதி உடனே தெளிந்துவிட்டாள். "அம்புட்டுதாண்ணே. பழைய நம்பரை வேற ஆளுக்குக் குடுத்துருப்பாக. யாரோ எவரோ லிங்க் வந்துச்சேன்னு நோண்டுறாக. சர்வர்ல எங்கயோ உங்க கோடு ஓட்டை. நம்பரைத் தூக்கிட்டுப் பக்கத்தைப் பூட்டுங்க." ஷெரின் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எஸ்டேட்டில் ஞாயிறுதான் லீவு. அன்னிக்குத்தான் ஆளுங்க டவர் கிடைக்க மேட்டுக்குக் கேறும். பதினொண்ணு மணிக்குத்தான் பனி மாறும். நம்ம போய் ஒண்ணு நோக்கலாம் சேட்டா" என்றாள். எனக்கு நாகஜோதி சொன்னது பிடித்திருந்தது. பத்திரிகை அடிக்க வேண்டும், சம்பந்தி வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஏழு வருஷத்தில் நாம் ஏறித் தேடாத மலையா. அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பயப்படுவாள் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "படத்துக்கிட்ட எம்புட்டு நேரம் நின்னாக?" என்று கேட்டாள். ரொம்ப நேரம் என்றேன். "அந்தச் சட்டை அவுகளுக்கே பிடிக்காது. வேற படம் போட்டுருக்கலாம்ல" என்றாள். அழவில்லை. எழுந்து போய் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து, "சினேகா கல்யாணந்தான் பெருசு. நீங்க தேதியைப் போட்டுக்கங்கப்பா" என்றாள். அம்மாவே சொல்லிவிட்டாள் என்று அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆகவே அக்கா, எல்லாம் முடிந்தது. அந்த நம்பரை எடுத்துவிட்டேன். பக்கத்தைப் பூட்டிவிட்டேன், இனி என்னைத் தவிர யாரும் தொட முடியாது. பழைய தேதியே இருக்கிறது, உன் பேர் முதலாவதாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை போஸ்டர் ஒட்டுகிறோம், ஞாயிற்றுக்கிழமை காரியம், நீ சனிக்கிழமையே வந்துவிடு. பத்திரிகையில் தாராளமாக 'தெய்வத்திரு' போட்டுக்கொள்ளலாம். யாரோ முகம் தெரியாத ஆள் நோண்டியதை வைத்து நான் இரண்டு வாரம் தூங்காமல் கிடந்ததை மாமாவிடம் சொல்லாதே, ஆயுசுக்கும் கேலி பேசுவார்.

மாமாவுக்கு என் வணக்கம். சினேகாவும் வரப்போகிற மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். சின்னவனுக்கு முத்தம். உன் கோபத்துக்கு என் மன்னிப்பு.

இப்படிக்கு,
உன் தம்பி கர்ணன்.

பின்குறிப்பு: வியாழக்கிழமை. மூன்று நாளாகக் கடிதம் மேஜையிலேயே கிடந்துவிட்டது. மேலே எழுதியது எதையும் எடுத்துக்கொள்ளாதே, பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்காதே. காலையில் அச்சாபீசிலிருந்து கூப்பிட்டார்கள், "தேதியை மாத்திட்டீகளே, இதுதான் சரியா?" என்று. நான் மாற்றவில்லை. திறந்து பார்த்தேன். பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. இந்தத் தடவை அழிக்கவில்லை, அக்கா. பெட்டியில் வேறு தேதி இருக்கிறது. நேற்றைய தேதி. புதன்கிழமை. நான் எடுத்துவிட்ட அதே பேர்தான் திருத்தியவர் என்று இருக்கிறது. நம்பரைக் கூப்பிட்டால் இப்போது மலையாளக் குரல் கூட வரவில்லை. மூன்று ஞாயிறு இருந்தது, ஒரு ஞாயிறாவது ஜீப் ஏறியிருக்கலாம். ஏறாமல் விட்டுவிட்டேன், அதை என்னால் தாங்க முடியவில்லை. ஷெரின் கம்பம் ஜீப் ஸ்டாண்டில் நிற்கிறாள், ஒவ்வொரு எஸ்டேட்டாகக் கேட்டுவிடலாம் என்கிறாள், கிளம்பிவிட்டேன், இதைப் பஸ் ஸ்டாப்பில் நின்று எழுதுகிறேன். செருப்பை மாட்டும்போது அம்மா உள்ளேயிருந்து, "ஏலே கர்ணா, இந்த ஞாயித்துக்கெழமையும் வந்து அழிப்பாகல்ல?" என்று கேட்டாள். "அழிப்பாகம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, புதன்கிழமையைச் சொல்லாமல் வந்திருக்கிறேன். இதைக் கம்பத்தில் திருப்பூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், சனிக்கிழமைவரை காத்திருக்காமல் நீ கைக்கு வந்ததும் பஸ் ஏறி அம்மாவிடம் வந்துவிடு.