தனகோட்டி ஆரி ஒர்க்ஸ்

என் மனைவிக்கு என் கையாலேயே ஒரு ஜாக்கெட்டுக்குப் பூவேலை செய்து கொடுப்பது என்று நான் சபதம் எடுத்தபோது எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் மறைத்துவிட்டான் என்று சொல்லக்கூடாது.

எல்லாவற்றுக்கும் காரணம் பக்கத்து வீட்டு அன்புமணி. மனுஷர் ஒழுங்காக உர மூட்டை விற்றுக்கொண்டிருந்தார். திடீரென்று செல்போனில் ஏதோ வீடியோ பார்த்தார். கலர் காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டிச் சுருட்டி ஒட்டி, பூ ஜாடி வைத்த வாழ்த்து அட்டை ஒன்று செய்தார். அதைப் பெண்டாட்டி ஜெயஸ்ரீக்குப் பிறந்தநாள் பரிசாகவும் கொடுத்துவிட்டார். ஜெயஸ்ரீ அதை ரேஷன் கடை வரிசையில் காட்டினாள். காய்கறி வண்டிக்காரருக்குக் காட்டினாள். கரண்டு கணக்கெடுக்க வந்தவரைக்கூட விடவில்லை என்று கேள்வி. கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

என் மனைவி சுமலதா ஆரி வேலை செய்கிறவள். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, முனை வளைந்த ஊசியால் மணியும் ஜரிகையும் கல்லுமாகக் கல்யாண ஜாக்கெட்டுகளுக்குப் பூ போடுவாள். செஞ்சி வட்டாரத்தில் எந்த மணப்பெண் போட்டோவுக்கு முதுகைக் காட்டி நின்றாலும் அந்த முதுகு பெரும்பாலும் என் மனைவி கைபட்டதாகத்தான் இருக்கும்.

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்புமணி அண்ணன் அவரே உக்காந்து செஞ்சாராம்."

"நல்லா இருக்குதே" என்றேன், ஜாக்கிரதையாக.

"ஊர்ல இருக்கற அத்தினி பேருக்கும் நான் பூ போட்டுக் குடுக்கறேன். எனக்குன்னு யாராச்சும் ஒரு முடிச்சு போட்டிருக்கீங்களா?"

"போன கல்யாண நாளைக்கு குக்கர் வாங்கிக் குடுத்தேனே?"

"அதுல யாரு சமைச்சு யாரு சாப்டது?"

இந்த இடத்தில் வழக்கமாகச் சண்டை ஆரம்பிக்கும். நானும் பதில்களோடு தயாராக இருந்தேன். ஆனால் அவள் சட்டத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். ஊருக்கே பூ போடுகிறவள் உடுத்தியிருந்த ஜாக்கெட்டில் ஒரு சமிக்கிகூட இல்லை. அதை அன்றுதான் கவனித்தேன். எனக்கு நிஜமாகவே கஷ்டமாகிவிட்டது.

"விடுக்கா, அண்ணன் பாவம். அவருக்கு இதெல்லாம் வராது" என்று ஜெயஸ்ரீ எனக்காகப் பரிந்து பேசினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"யாருக்கு வராது? வர்ற கல்யாண நாளைக்குப் பாரு. என் கையாலயே உனக்கு ஆரி ஜாக்கெட்டு போட்டுக் குடுக்கறேன்" என்று வாயை விட்டேன்.

"இன்னாது?" என்றாள் சுமலதா.

"செல்போனுக்குள்ள கடுகாட்டம் இருக்கற ஸ்க்ரூவையே கழட்டி மாட்டற கை இது!"

இதில் பொய் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடுகுக்கும் ஊசிக்கும் எவ்வளவு தூரம் என்பது எனக்கு மறுநாள் கடையில் தெரிந்தது. வட்டச் சட்டத்தில் ஒரு கைக்குட்டையை மாட்டி, மடியில் வைத்துக்கொண்டு ரோஜா போட ஆரம்பித்தேன். நன்றாகத்தான் வந்தது. ஒருவர் சார்ஜ் ஏறவில்லை என்று போனோடு வந்தார். எழுந்தேன். கைக்குட்டையும் சட்டமும் என்னோடு எழுந்தன. ரோஜாவை என் பேண்ட்டோடு சேர்த்துத் தைத்திருந்தேன்.

"இன்னா சார், புது மாடலா?" என்றார் வந்தவர்.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். பரிசுக்கு மனசுதான் முக்கியம். கை யாருடையதாக இருந்தால் என்ன?

செஞ்சியில் வேலையைக் கொடுக்க முடியாது. இங்கே இருக்கிற டைலர்கள் அத்தனை பேரும் சுமலதாவுக்குத் தெரிந்தவர்கள். அமாவாசை வந்தது.

"மேல்மலையனூர் போயி அங்காளம்மன கும்புட்டுட்டு வந்துடறேன்" என்றேன்.

"திடீர்னு இன்னா பக்தி? இருங்க, நானும் வரேன்."

"வேணாம் வேணாம். ஸ்பெஷல் பஸ்ஸுல நிக்க முடியாது. நசுங்கிடுவே. உனக்கும் சேர்த்து நானே கும்புட்டுக்கறேன்."

நம்பிவிட்டாள். பீரோவில் இருந்து அவளுடைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்காக எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டேன். பஜாரில் நல்லதாக ஒரு பட்டுத் துணியும் வாங்கிக்கொண்டு ஸ்பெஷல் பஸ்ஸில் நசுங்கினேன். மேல்மலையனூரில் அம்மனைக் கும்பிடுவதற்கு முன்னாலேயே இராமச்சந்திரன் டைலரைத் தரிசித்தேன்.

"அளவு ஜாக்கெட்டு கொண்டாந்தீங்களா?"

"இதோ."

"பூ வேலை நான் போடறதில்ல சார். வெளில குடுத்து வாங்கறது. துணியோட அளவு ஜாக்கெட்டும் அவங்ககிட்ட போயிடும். அத வெச்சுதான் கழுத்து எங்க, கை எங்கன்னு கோடு போடுவாங்க. பூ போட்டு வந்தப்புறம் நான் தைச்சுடுவேன்."

"யாரு போட்டா இன்னாங்க. விஷயம் மட்டும் வெளில தெரியக்கூடாது."

"ஏன் சார்?"

"நான் போட்டதா சொல்லப் போறேன்."

டைலர் என் கைகளை ஒருமுறை பார்த்தார். "நம்புவாங்களா?" என்றார்.

"அது என் பாடு."

"வேலை பிரமாதமா இருக்கும் சார். நம்ம செஞ்சி பக்கத்துல ஒரு அம்மா. கை அவ்ளோ சுத்தம். அவங்க பேரு..."

"பேரெல்லாம் வேணாம்!" என்று அவர் வாயை அடைத்தேன். ரகசியம் என்றால் நாலு பக்கமும் ரகசியமாக இருக்க வேண்டும். அந்தப் பேரை மட்டும் காதில் வாங்கியிருந்தால் நான் இன்று இதையெல்லாம் எழுத வேண்டியிருக்காது.

அதற்குப் பிறகு என் நடிப்பு ஆரம்பமானது. தினமும் கடையில் இருந்து கிளம்பும்போது ஒரு விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் அந்த விரலை நீட்டித் தண்ணீர் சொம்பை வாங்குவேன்.

"விரல்ல இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஊசி. நீ கேக்காத."

"ஐயோ பாவமே" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தோள் குலுங்கும். அழுகிறாள் என்று நினைத்து விரலை மெல்ல மடக்கிக்கொள்வேன்.

ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால் சட்டத்தின் மேல் பழைய போர்வை போட்டு மூடியிருந்தது. ஓரத்தில் கையை விட்டு வேலை செய்துகொண்டிருந்தாள்.

"இன்னா சுமா, மூடி வெச்சிருக்கே?"

"வெளியூர் ஆர்டர். முடியற வரைக்கும் யாரும் பார்க்கக்கூடாதாம். எவனோ ஒரு மகராசன், பொண்டாட்டிக்குப் போட்டுக் குடுக்கறானாம்."

எனக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை. உலகத்தில் நான் ஒருவன்தான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். துணைக்கு இன்னொருத்தன் இருக்கிறான் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

"கழுத்துல மாங்கா போடவா, தாமரை போடவா? நீங்க சொல்லுங்க."

"யாரோ போட்டுக்கப் போறா. எதையாச்சும் போட்டுத் தள்ளு."

"கல்லு ஒசத்தியா வெக்கவா, சாதாவா வெக்கவா?"

"சாதாவே வையி. ரெண்டு தண்ணி பட்டு கழண்டாதானே தெரியும்? பொண்டாட்டிக்குன்னு வந்து நிக்கறவனுக்கு இன்னா தெரியும்! பளபளன்னு இருந்தா வாங்கிக்கினு போயிடுவான்."

"அப்டின்றீங்க?"

"அப்டித்தான். அவனே ஒரு ஏமாளி."

"நீங்க சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்" என்றவள், ஒரு கிண்ணம் நிறைய மணியை என் பக்கம் தள்ளினாள். "சும்மாதானே இருக்கீங்க, இத நூல்ல கோத்துக் குடுங்க. அவசரம்." எவனோ ஒரு ஏமாளிக்காக நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மணி கோத்தேன்.

கல்யாண நாள் வந்தது. முந்தின நாளே மேல்மலையனூர் போய் ஜாக்கெட்டை வாங்கி வந்துவிட்டேன். டைலர் சொன்ன தொகையைக் கேட்டதும் ஒரு நிமிஷம் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஆனால் வேலையைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். கழுத்தைச் சுற்றித் தாமரை. கை நிறைய மாங்காய். அப்படி மின்னியது. அதை வைக்கக் கடையில் கிடந்த அட்டைகளை வெட்டி, கலர் காகிதம் ஒட்டி ஒரு பெட்டி செய்தேன். நான் உள்ளபடியே என் கையால் செய்தது அது ஒன்றுதான். மூடியை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழுந்தது.

சுமலதா பெட்டியைத் திறந்தாள். ஜாக்கெட்டை எடுத்தாள். கண்கள் விரிந்தன.

"நீங்களா போட்டீங்க?"

"பின்னே?"

"இவ்ளோ அழகா ஒரு வேலைய நான் பார்த்ததே இல்லீங்க. பின்பக்கம் பாருங்க, ஒரு முடிச்சு வெளில தெரியுதா? இதப் போட்ட கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

"போடலாம், போடலாம்" என்று அடக்கமாகச் சிரித்தேன்.

"எனக்கே இப்படி வராது."

"பழகிட்டா வரும் சுமா. மனச ஒருமுகப்படுத்தணும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஜெயஸ்ரீயின் தம்பிக்குச் செஞ்சியிலேயே கல்யாணம். சுமலதா அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்ததும் பெண்கள் கூட்டம் மேடையை விட்டுவிட்டு அவளைச் சூழ்ந்துகொண்டது. நான் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்தேன். பாயசத்துக்கு முன்னால் பெண்கள் வந்தார்கள்.

"அண்ணே, நீங்களா போட்டீங்க? என் பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். நீங்கதான் போட்டுக் குடுக்கணும்."

"எனக்கும்ணே! நாளைக்கே அளவு ஜாக்கெட்டு குடுத்தனுப்பறேன்."

"ஆம்பளயா இருந்துக்கினு இன்னா ஒரு பொறுமை!"

பக்கத்து இலையில் அன்புமணி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். "நீங்க பேப்பர கிழிச்சுக்கினே இருங்க" என்று ஜெயஸ்ரீ அவரைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு வேர்த்தது. தூரத்தில் சுமலதா, "எடுத்துப்பாரு, எடுத்துப்பாரு. எத்தினி ஆர்டர் வந்தாலும் எடுத்துப்பாரு" என்று எல்லோருக்கும் என் சார்பில் வாக்கு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது கோட்டை ரோட்டில் வண்டியை ஓரம் கட்டினேன். இனி மறைத்தால் ஊரே சிரிக்கும். அதைவிட அவள் மனசு உடைந்துபோகும். அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

"சுமா, அந்த ஜாக்கெட்டு நான் போடல."

"தெரியும்."

"காசு குடுத்து... இன்னாது, தெரியுமா?"

"நான்தானே போட்டேன்."

வண்டி சாயப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன்.

"இராமச்சந்திரன் டைலர் எனக்குத்தான் வேலை அனுப்புவாரு. பைய தொறந்தா துணியோட என் ஜாக்கெட்டே இருக்குது. அக்குள்ள நான் போட்ட ஒட்டுகூட அப்டியே இருக்குது. யாருது சார் ஆர்டருன்னு போன் பண்ணேன். செல்போன் கடைக்காரரு, ரகசியம்னாரு."

"அப்ப... கல்லு? சாதா கல்லா வெச்சே?"

"எனக்குப் போட்டுக்கற ஜாக்கெட்டுல நான் எதுக்கு மட்டமா வெக்கணும்? இருக்கறதுலயே ஒசத்தி. அதான் டைலர் அவ்ளோ கேட்டிருப்பாரு."

ஏமாளி யார் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

"கோவமா சுமா?"

"கோவம் இன்னா கோவம். அந்தப் பொட்டி நீங்க செஞ்சதுதானே?"

"ஆமா."

"மூடி சேர மாட்டேங்குது பாருங்க, அப்பவே தெரிஞ்சுது அது உங்க வேலைதான்னு. என் தோடு, மோதிரமெல்லாம் இப்ப அதுலதான் வெச்சிருக்கேன்."

இவளுக்கு நிஜமாகவே ஒரு பூ போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்த ரோட்டிலேயே ஆசை வந்தது. "சரி, நாளைக்கே எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிடலாம்" என்றேன்.

"வாயத் தொறக்காதீங்க!"

"ஏன்?"

"பொம்பள போட்டா 'இன்னாக்கா, சும்மா வீட்டுல உக்காந்துதானே போடறே, கொறச்சுக்கோ'ன்றாங்க. ஆம்பள போட்டான்னா அவங்களுக்கு அதிசயம். ஒருத்தராச்சும் பேரம் பேசனாங்களா பார்த்தீங்களா? நீங்க ஒண்ணும் போட வேணாம். உக்காந்திருந்தா போதும்."

வாசலில் என் பேரிலேயே போர்டு மாட்டியாயிற்று. தனகோட்டி ஆரி ஒர்க்ஸ். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு என்பதால் அன்றைக்குத்தான் எல்லோரையும் வரச் சொல்கிறாள். நான் சட்டத்துக்கு முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை வந்த அம்மா விடவில்லை.

"மாஸ்டர், ஒரே ஒரு பூ போட்டுக் காட்டுங்களேன். கண்ணால பார்த்துட்டுப் போறேன்."

நான் ஊசியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுமலதா குறுக்கே வந்தாள்.

"யாராச்சும் பார்த்தா அவருக்குக் கை வராதும்மா. தியானம் மாதிரி."

அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கேட்ட ரேட்டுக்குத் தலையாட்டிவிட்டுப் போனார். சுமலதா கதவைச் சாத்தினாள். என் கையில் இருந்த ஊசியை வாங்கிக்கொண்டு சட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எழுந்திருங்க மாஸ்டர். அரிசி ஊறிக்கினு கெடக்குது, கரண்டு போறதுக்குள்ள போயி மாவாட்டுங்க."