சக்கரம் பிடிக்கும் பேய்

புதுவாயல் கூட்டுரோட்டில் அன்று காலை டீக்கடைக்காரருக்கே டீ குடிக்க இடமில்லை. அவ்வளவு கூட்டம். சைக்கிள் பந்தயம் பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்தால் நீங்கள் வெளியூர். இது 'சக்கரச் சாமி' என்ற சாமியாரைப் பார்க்க வந்த கூட்டம்.

பந்தயமும் லேசுப்பட்டதல்ல. கொஞ்சம் தார் ரோடு, அப்புறம் ஏரிக்கரை மண், அப்புறம் ஜல்லி. கடைசியில் கைவிட்ட கல்குவாரியை ஒட்டி ஒத்தப்பனை மேடு. செம்மண்ணும் உதிரிக் கல்லுமாக, நிமிர்ந்து பார்த்தாலே மூச்சு வாங்கும். அதில் ஏறினால் சக்கரம் வழுக்கும். கல்லில் வழுக்காமல் என்ன செய்யும்? ஆனால் சாமி கண்டுபிடித்த காரணம் வேறு. குவாரியில் செத்துப்போன லாரி டிரைவரின் ஆவி பின்சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறதாம். செத்த பிறகும் அந்த மனுஷனுக்கு ஓவர்டைம்!

பரிகாரம் உண்டு. காணிக்கை வைத்தால் சாமி பேயைக் கட்டுவார். அதோடு ஒரு நிபந்தனை. மேட்டடியில் சைக்கிளை விட்டு இறங்கி, எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டு, உச்சி வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். போன வருஷம் அத்தனை பேரும் பயபக்தியோடு தள்ளினார்கள். விமல் ஒருவன் மட்டும் மிதித்துக்கொண்டே போய் ஜெயித்தான். விமல் சாமியின் அக்கா மகன். அவன் உடம்பில் சாமி வீட்டு ரத்தம் ஓடுவதால் பேய் தொடாதாம். பேய்க்கும் சொந்தபந்தம் தெரிகிறது பாருங்கள்.

போன வருஷம் மேட்டடிக்கு முதலில் வந்து சேர்ந்தவன் ராபின். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருட்டு ஆலையில் காண்ட்ராக்ட் கூலி. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் இறங்கினான், பழம் வைத்தான், தள்ளினான். கையசைத்துக்கொண்டே விமல் தாண்டிப் போனதைப் பார்த்து, 'நமக்குக் கால் உடையாமல் போனதே பெரிது' என்று நிம்மதி வேறு பட்டுக்கொண்டான்.

போன வருஷம் மாதிரி இந்த வருஷம் பரிசு பைக் இல்லை. ஆலை முதலாளிகள் சேர்ந்து, முதலில் வரும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு நிரந்தர வேலை என்று அறிவித்துவிட்டார்கள். ராபினுக்கு அந்த வேலை வேண்டும். ஒவ்வொரு முறை கேட் பாஸ் முடியும்போதும் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்து நிற்கிற பிழைப்பு அவனுக்கு வெறுத்துப்போயிருந்தது. ஆகவே விடிந்ததும் சைக்கிளை உருட்டிக்கொண்டு சாமியிடம் வந்துவிட்டான். மனைவி கிறிஸ்டினாவும் பையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். சாமியிடம் போகாதே என்று சண்டை போடுவாள் என்று பயந்திருந்தான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

சாமி எல்லா மதத்துக்கும் பொது. இந்துக்களுக்கு விபூதிப் பட்டை, ராபின் மாதிரி ஆட்களுக்கு அதே விபூதியில் சிலுவை. காணிக்கைப் பணம் கணக்கில் விழுந்ததும் சாமியின் போன் போடுகிற சத்தம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

"இன்னா நைனா, போன வாட்டி உசுரோட வந்தியா?"

"உங்க புண்ணியம் சாமி."

"இந்த வாட்டி பேய் பசியா கீது. பாக்கிறியா?"

சாமி ஹேண்டில் மேல் சிவப்புத் துணியைப் போர்த்தினார். துணிக்குள் கையை விட்டு முணுமுணுத்தார். இனி பின்சக்கரம் சுற்றாது. அது எல்லாருக்கும் தெரிந்த அற்புதம். பேய் பிடித்துக்கொள்ளும், காணிக்கை வைத்து மந்திரம் சொன்னதும் விட்டுவிடும்.

"சுத்து நைனா."

ராபின் பெடலைச் சுற்றினான். சக்கரம் விர்ரென்று ஓடியது.

சாமி துணிக்குள் மறுபடி கையை விட்டார். இந்த முறை மந்திரம் நீளமாக இருந்தது. சக்கரம் இன்னும் குஷியாக ஓடியது. சாமியின் நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து மூக்குக்கு வந்தது.

"பேய்... வேற வேலையா போய்க்கீது போல," என்றார்.

"எங்கியும் போவல சாமி. என் பையில கீது," என்றாள் கிறிஸ்டினா.

பையிலிருந்து இரண்டு ரப்பர் கட்டைகளை எடுத்துக் காட்டினாள். ராபின் குனிந்து தன் பின்சக்கரத்தைப் பார்த்தான்.

"அடிப்பாவி, பின்பிரேக் கட்டைய கழட்டிட்டியா? சொல்லவே இல்லியே!"

"சொன்னா நீ சாமி கைல சொல்லியிருப்ப. போன வருசமே பாத்துக்கினு இருந்தேன்யா. ஆவிக்கு இன்னாத்துக்குத் துணி போத்தணும்? குளிரா அதுக்கு?"

சிவப்புத் துணியை இழுத்துப் போட்டாள். பிரேக் பிடி பக்கத்தில், ஒயர் நுழையும் இடத்தில் ஒரு சின்னத் திருகு. அதிலே சாமியின் விபூதி அப்பியிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவனின் சைக்கிளைப் பிடித்து அதே திருகை வெளியே திருகினாள். ஒயர் இழுபட்டுக் கட்டை சக்கரத்தைக் கவ்வியது.

"பேய் வந்துச்சா?" உள்ளே திருகினாள். "போச்சா? மந்திரம் தெலுங்குல சொல்லணுமா, தமிழ்ல சொல்லணுமா?"

அடுத்த நிமிஷம் ஆளாளுக்குத் தங்கள் சைக்கிளில் பேயை வரவழைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்திலிருந்து அப்பாவு என்ற பெரியவர் சாமியை உற்றுப் பார்த்தார்.

"டேய், நீ தடாவுல சைக்கிள் ரிப்பேர் கடை வெச்சிருந்த சுப்பராயன் இல்ல?"

சாமி மாலையைக் கழற்றி மடியில் கட்டினார். சாமியாக உட்கார்ந்தவர் சுப்பராயனாக எழுந்து, வாங்கிய காணிக்கையைத் திருப்பித் தரும் வரை நகர முடியாமல் நின்றார்.

ராபின் கட்டைகளை மாட்டிக்கொண்டு பந்தயத்தில் இறங்கினான். ஒத்தப்பனை மேடு வந்ததும் கால் தானாகவே இறங்கப் பார்த்தது. பழகிய பயம் அவ்வளவு லேசில் விடுமா? பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். பின்சக்கரம் வழுக்கியது. 'கல்லு, வெறும் கல்லு' என்று சொல்லிக்கொண்டே உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து மிதித்தான். சக்கரம் மண்ணைப் பிடித்தது. பாதி மேட்டில் ஒருவன் மிதிக்க முடியாமல் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தான். விமல். நிஜமாகவே மிதித்து ஏறுகிறவர்களோடு போட்டி போட அவனுக்கு இதுதான் முதல் தடவை.

முதலில் வந்தது ராபின்தான். வேலை கிடைத்தது. கிறிஸ்டினா அழுதாள், சிரித்தாள், ஊர் பார்க்க அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குள் ஏழெட்டுப் பேர் கையில் எலுமிச்சம்பழத்தோடு அவளைச் சுற்றி நின்றார்கள்.

"யக்கா, ஒன் கை ராசியான கை. அடுத்த வருசத்துக்கு என் சைக்கிளயும் கொஞ்சம் தொட்டுக் குடுக்கா!"

கிறிஸ்டினா ஒரு பழத்தை வாங்கி, பல்லால் கடித்து, தண்ணீர் பாட்டிலில் பிழிந்து ராபினிடம் நீட்டினாள்.

"பழம் இதுக்குத்தான்யா. சைக்கிள்ல கீற கட்டைய நான் கழட்டிட்டேன். உங்க மூளையில மாட்டிக்கீற கட்டைய நீங்கதான் கழட்டணும். அதுக்கும் ஒரு சாமிய தேடிக்கினு போவாதீங்க!"