சனிக்கிழமைச் சவுனாவுக்கு ஒரு சட்டம்

இனி யார் வேண்டுமானாலும் கரண்ட் விற்கலாம், யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்தாலும் திறந்தது, குவோப்பியோ ஊர் ஓஸ்மோவுக்குத் தலைகால் புரியவில்லை. மணிக்கு மணி விலை மாறுகிற கம்பெனிக்குத் தாவிவிட்டான். விலையைக் காட்டும் ஃபோனுக்கு முத்தம் கொடுக்காத குறைதான்.

கையோடு ஒரு சட்டம் எழுதி, கையெழுத்தும் போட்டு, ஃபிரிட்ஜில் ஒட்டினான்: ‘விலை ஏறிய நேரத்தில் சவுனா அடுப்பு எரியாது.’ கரண்ட் அடுப்பில் கல்லைச் சுடவைத்து, தண்ணீர் ஊற்றி, ஆவியில் வேகிற குளியலறைதான் சவுனா.

மனைவி ஹில்க்கா படித்தாள். “ஏங்க, சனிக்கிழமை ஆறு மணிக்கு ஊரே சவுனாவுல வேகும். அப்ப விலை ஏறத்தானே செய்யும்?”

“ஏறும்.”

“அப்ப நாம?”

“மலிவா இருக்கிறப்ப வேகலாம். சட்டம்னா சட்டம்!”

முதல் வாரம் மலிவு வந்தது விடியற்காலை நாலு மணிக்கு. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, அவள் வேலைக்குப் போனபிறகு. இருபத்தாறு வருஷமாகச் சனிக்கிழமை ஆறு மணிக்கு வெந்து பழகிய உடம்பு அவளுக்கு. பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் சனிக்கிழமை பேய்க்காற்று. காற்றாலைகள் சுற்றின சுற்றில், காலை பதினோரு மணிக்கு விலை பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது.

“எரிச்சா நமக்குக் காசு தர்றான்டீ! போடு அடுப்பை! விலையை நீயே பாத்துக்கோ!” ஃபோனை அவள் கையில் திணித்துவிட்டு, வாசலில் பனி தள்ளப் போனான் ஓஸ்மோ.

முதுகு ஒடிந்து திரும்பினால், சவுனாவுக்குள் ஒரே சிரிப்பு. பின்வாசல் வழியாக வந்துசேர்ந்த மாமியாரும் மூன்று மச்சினிகளும்!

“பொம்பளைங்க முறைதான் முதல்ல மாப்ளே!” உள்ளேயிருந்து மாமியார் குரல்.

அவர்கள் சிவக்கச் சிவக்க வெளியே வந்து, சவுனா வாசலை அடைத்து உட்கார்ந்து, காபி, சாசேஜ், ஊர்க்கதை எல்லாம் முடித்து எழுந்தபோது மணி நாலு. ஓஸ்மோ துண்டோடு பாய்ந்தான். கல்லில் ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றினான். கல் ‘உஸ்’ என்றுகூடச் சொல்லவில்லை.

“ஹில்க்கா! அடுப்பு என்னாச்சு?”

“ரெண்டு மணிக்கு விலை எகிறிடுச்சுங்க. அணைச்சிட்டேன்.”

“ஐயோ, முதுகு விட்டுப்போச்சுடீ! இன்னைக்கு மட்டும்...”

“அதெப்படி? உங்க கையெழுத்தாச்சே! நாளைக்கு விடிகாலை நாலு மணிக்கு மலிவாம், எந்திரிச்சுக்குங்க.”

மச்சினிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஓஸ்மோ ஃபிரிட்ஜுக்கு நடந்தான். சட்டத்தை நாலாகக் கிழித்தான். “இனி சனிக்கிழமை ஆறு மணி. என்ன விலை வித்தாலும் சரி. உங்கம்மா சாட்சி. போதுமா?”

“போதுங்க.”

ஆறு மணிக்கு ஆசைதீர வெந்து, முதுகு நிமிர்ந்து வந்தவன், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மேஜைமேல் கிடந்த ஃபோனைப் பார்த்தான்.

காலை பதினோரு மணியிலிருந்து விலை பூஜ்யத்துக்கு மேலே ஏறவே இல்லை.