சடைச்சி வீட்டுச் சாவுப்பாட்டு

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் நட்டும் சிக்னல் சரியாக வராத ஒரு காட்டில், சடைச்சி என்ற காக்கை குடியிருந்தாள். அவள் கூட்டில் ஒரு குயில்குஞ்சும் வளர்ந்தது. முட்டை எப்படி வந்தது என்று ஊருக்கே தெரியும். சடைச்சி மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா.

காக்கைகளுக்கு ஒரு வழக்கம். இனத்தில் யார் செத்தாலும் மரத்தடியில் கூடுவார்கள். ஒருவர் செத்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட, மற்ற எல்லாரும் பதில்குரல் கொடுப்பார்கள். அப்போதுதான் போன உயிருக்கு விடை கிடைக்கும். கூப்பிட்ட குரலுக்குப் பதில் கொடுக்காவிட்டால் மகாபாவம். மற்ற மிருகங்களோ காதைப் பொத்திக்கொண்டு, சனியன்கள் தொடங்கிவிட்டன என்று திட்டும்.

குயில் வளர்ந்து மாதுளா என்று பெயர் வைத்துக்கொண்டாள். செத்தவர் பெயர் வரும் இடத்தில் "கண்ணாளா" என்று போட்டு, அதே சாவுப்பாட்டை மேடையில் பாடினாள். காடே கிறங்கியது. இந்தச் சோகத்தை எங்கிருந்துதான் பிடித்தாளோ என்று நரி விமர்சனம் எழுதியது. சடைச்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு ஒருநாள் சடைச்சியின் புருஷன் மூக்கன் கோபுரத்துக் கம்பியில் அடிபட்டுச் செத்தான். காக்கைகள் கூடி வாய் திறந்ததும் காவல்காரக் குரங்கு வந்து போனை நீட்டியது. இது மாதுளா பேரில் பதிவான பாட்டு, அனுமதி வாங்கிவிட்டு அழுங்கள் என்றது. மூக்கன் தரையில் கிடக்க, சடைச்சி குயிலிடம் பறந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல தாயி. உங்கப்பன் பேரை ஒரே ஒரு தடவை கூப்பிட விடு."

மாதுளா நிஜமாகவே அழுதாள். "அனுமதி எதுக்கும்மா? நானே வந்து பாடுறேன்."

வந்தாள், மைக்கும் கேமராவும் தூக்கிய அணில்களோடு. பழக்கதோஷத்தில் "கண்ணாளா" என்றே கூப்பிட்டாள். காக்கைகளுக்குக் கூசியது. ஆனாலும் கூப்பிட்ட குரலாயிற்றே, தொண்டை கிழியப் பதில் கொடுத்தார்கள். நடுவில் சடைச்சி பொறுக்கமாட்டாமல் "ஏ மூக்கா" என்று அலறினாள். அதற்கும் எல்லாரும் பதில் கொடுத்தார்கள். அவள் வயிறு குளிர்ந்தது.

அந்தப் பாட்டுக்கு அந்த வருஷக் காட்டுப் பரிசு கிடைத்தது. "ஏ மூக்கா" அபஸ்வரம் என்று வெட்டப்பட்டிருந்தது. காக்கைகளை மறக்கவில்லை. பாடியவர் மாதுளா என்பதற்குக் கீழே, சின்ன எழுத்தில், 'பின்னணி: காட்டின் இயற்கையான இரைச்சல்' என்று போட்டிருந்தார்கள்.

நீதி: வளர்த்தவர் வீட்டுச் சாவுக்குத் தவறாமல் போய்வர வேண்டும். அடுத்த பாட்டு அங்கேதான் கிடைக்கும்.