கால் படாத இடம்

அன்புள்ள சேஷன் சித்தப்பாவுக்கு,

ஜானவி அநேக நமஸ்காரங்களுடன் எழுதியது. இங்கே கோட்டைத் தெருவில் அப்பா, அம்மா, அப்பாவின் இரத்த அழுத்தம், ஐப்பசி மழை ஆகிய நால்வரும் சௌக்கியம். புனேயில் பிள்ளை வீட்டில் நீங்களும் சித்தியும் நவநீத்தும் அதேபோல் சௌக்கியமாக இருக்கப் பெருமாள் பத்மநாபன் பார்த்துக்கொள்வான். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுநடுவே சித்திக்கு விளக்கம் சொல்வீர்கள். அந்த விளக்கம் நான் சொன்னதாக இருக்காது. ஆகவே கடிதம். உட்கார்ந்து படிக்கவும். கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்க்க வேண்டாம்.

தம்பானூர் ஸ்டேஷனில் ரயிலேறும்போது நீங்கள் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "வெள்ளை வேனுக்குப் பதினஞ்சு வருஷம் முடியறது. ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க ஒரே ஒரு தடவை டெஸ்டுக்குக் கொண்டுபோ. தோத்துதுன்னா பழைய இரும்புக்குப் போட்டுடு, கண்ணீர் விடப்படாது." நான் சரியென்று தலையாட்டினேன். அப்போது ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. உங்கள் வேன் எனக்கு வண்டி அல்ல, அறை. நம் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். பக்கத்து வீட்டு விஜயம் மாமி குக்கர் வைத்தால் நம் வீட்டில் அம்மா விசில் எண்ணுகிறாள். எங்கள் வீட்டில் ஒரு பெண் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் புத்தகம் படித்தால், தலைவலியா என்று கேட்டுச் சுக்குக் கஷாயம் வந்துவிடும். ஆகவே ஒரு வருஷமாக, பிழைதிருத்தும் வேலை முடிந்ததும் வாசலில் நிற்கும் வேனுக்குள் ஏறி, நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துப் படிக்கிறேன். பெட்ரோல் செலவில்லை. உங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெருவுக்கே தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் போன மூன்றாம் நாள் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் காற்றுக்காக இறக்கினேன். ஸ்விட்சை அழுத்தியதும் கதவுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கண்ணாடி முழுசாக உள்ளே போய்விட்டது, பிறகு வரவில்லை. ஸ்விட்சை அழுத்தினேன், தட்டினேன், கெஞ்சினேன், மூன்று மொழியில் திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. நான் பாட்டுக்கு ஒரு தடித்த ரஷ்ய நாவலில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தேன். அதில் ஒரு பெண் வீட்டைவிட்டுப் போகலாமா வேண்டாமா என்று ஐம்பது பக்கமாக யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தத் திறந்த ஜன்னலால் மூன்று வாரம் அவளால் ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை. கூரியர்க்காரர் பார்சல்களை என் மடியில் வைத்தார். காய்கறி வண்டிக்காரர் சில்லறை கேட்டார். ஒரு பூனை உள்ளே வந்து பின்சீட்டில் மதியத் தூக்கம் போட்டது. விஜயம் மாமி தன் பேத்தியை ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்துவிட்டு, "ரெண்டு நிமிஷம் வெச்சிண்டிருடீ, பால் பொங்கிடும்" என்று போய் முக்கால் மணி கழித்து வந்தார். வந்தவர் போகவும் இல்லை.

"என்னடீ கதை இது?"

"ஒரு பொண்ணு, மாமி. வீட்டைவிட்டுப் போகலாமான்னு யோசிக்கறா."

"புருஷன் அடிக்கறானா?"

"இல்லை மாமி. நல்லவன்தான். ஆனா பேசவே மாட்டான்."

"அது ஒரு குறையா? எங்காத்து மாமா நாப்பது வருஷமா பேசறார், நான் போனேனா?" என்றார் மாமி. ஆனால் மறுநாளிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு அதே கேள்வி: "போனாளாடீ?"

இந்த நிலையில் டெஸ்டுக்குத் தேதி வந்தது. வியாழக்கிழமை. கண்ணாடி ஏறாத வண்டியை யாரும் பாஸ் பண்ணமாட்டார்கள் என்று அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து அறிவித்தார். என் அறை பழைய இரும்பாகப் போகிறது என்று எனக்கு இரண்டு இரவு தூக்கமில்லை. புதன்கிழமை காலையில் கரமனையில் இருக்கும் மெக்கானிக் ஆன்சன் சேட்டனிடம் கொண்டுபோனேன். ஐம்பத்தைந்து வயசிருக்கும், எதற்கும் அவசரப்படாதவர். ஸ்விட்சை ஒரு தரம் அழுத்தி, காதைக் கதவில் வைத்துக் கேட்டு, "மோட்டார் போயி" என்றார். அந்த மாடலுக்கு மோட்டார் கடையில் கிடைக்கவில்லை. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் ஒன்றைத் தேடி எடுத்துவர மதியம் ஆகிவிட்டது. வந்து, சாப்பிட்டுக் கைகழுவி, ஸ்குரூவெல்லாம் கழற்றிக் கதவின் உள்பலகையைப் பிரித்தார். பிரித்தவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"மோளே, இது டோர் அல்ல. அம்பலமாணு."

கதவல்ல, கோவில்! சித்தப்பா, அவர் சொன்னதில் மிகை இல்லை. உள்ளே வாழையிலைக் கீற்று, காய்ந்த சந்தனம், தெச்சிப்பூ, துளசி, மஞ்சள், குங்குமம் எல்லாம் பதினைந்து வருஷத்துக்கு அடுக்கடுக்காக. அடியில் இருந்தது மக்கிக் களியாகிக் கதவின் வடிகால் ஓட்டைகளை அடைத்துவிட்டது. மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் அந்தத் தீர்த்தத்தில் மோட்டார் கழுத்தளவு நின்று உயிரை விட்டிருந்தது. ஆன்சன் சேட்டன் கையை எடுத்துக்கொண்டார். மதியம் மீன் சாப்பிட்டேனே, தொடலாமா என்று கவலையோடு கேட்டார். தொடலாம் என்றேன். அப்படியும் சோப்புப் போட்டு இன்னொரு தடவை கைகழுவிவிட்டுத்தான் தொட்டார்.

யார் வேலை என்று நான் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. மேலே சிக்கி நனையாமல் தப்பித்த வழிபாட்டு ரசீதுகள் இருந்தன: "சேஷன், உத்திரட்டாதி." பிரசாதத்தைக் கால் படுகிற இடத்தில் போடக்கூடாது, சரி. வண்டிக்குள் கால் படாத ஒரே இடம் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே உள்ள இடுக்குதான் என்று கண்டுபிடித்த உங்கள் மூளைக்கு நமஸ்காரம். அந்த ரசீதுகளில் ஒன்பதில் என் பெயரும் நட்சத்திரமும் இருந்தன. தேதிகளைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பிலிருந்து எம்.ஏ. வரை என் பரீட்சை நாட்கள். "படிச்சாப் பாஸாகப்போறா, இதுக்கு எதுக்குக் கோவில்" என்று எல்லார் முன்னாலும் சொன்னவர் நீங்கள். அந்த ஒன்பதையும் நாவலுக்குள் வைத்திருக்கிறேன். கல்யாணம் கூடிவரச் சுயம்வர அர்ச்சனை என்று என் பெயரில் இன்னும் மூன்று ரசீது இருந்தது. அவற்றை முதல் வேலையாகப் பக்கத்து ஆற்றில் விட்டேன்.

மிச்சத்தை எங்கே சேர்ப்பது என்று கேட்க அம்மாவுக்குப் போன் போட்டது என் தப்பு. அம்மாவும் ஸ்பீக்கர் ரகம். பத்து நிமிஷத்தில் விஜயம் மாமி ஆட்டோவில் தாம்பாளத்தோடு வந்து இறங்கினார். கதவுக்குள் தலையை விட்டவர், வீறிட்டார்.

"ஜானவி! துளசிடீ! தானா முளைச்சிருக்கு!"

உண்மைதான். மூலையில் வெளுத்துப்போய், இரண்டு இலையோடு, நூல் மாதிரி ஒரு துளசி. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இனிமே இந்தக் கதவை யாரும் தொடப்படாது."

"மாமி, நாளைக்கு டெஸ்ட்!"

"பெருமாளுக்கே டெஸ்டா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணீர் விடக்கூடாது என்ற உங்கள் உத்தரவை அந்த இடத்தில் மீறினேன். ஆன்சன் சேட்டன்தான் மெதுவாகச் சொன்னார்: "அம்மே, துளசிக்கு வெயில் வேண்டே? இதினகத்து இருட்டல்லே?" துளசிக்கு வெயில் வேண்டாமா, இதற்குள்ளே இருட்டாயிற்றே என்று.

மாமி யோசித்தார். "அதுவும் சரிதான். பெருமாளை இருட்டிலே வெச்சது சேஷன் பண்ணின பாவம்" என்று தீர்ப்பு சொன்னார். ஒரு ஆயில் டப்பாவை வெட்டி, மூன்று தரம் கழுவி, மண் போட்டு, துளசியை நட்டு, மற்றதையெல்லாம் தாம்பாளத்தில் அள்ளிக்கொண்டு, மாமி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பினார். மாமியிடம் ஒரு சந்தோஷம், பேத்தி பிறந்த அன்றுகூட நான் பார்க்காதது.

இதற்குள் இருட்டி மழையும் பிடித்துக்கொண்டது. ஆன்சன் சேட்டன் மோட்டாரை மாட்டிக் கண்ணாடியை ஏற்றிக் கொடுத்தார். இரண்டு கம்பி இடம் மாறியிருந்தது மறுநாள் டெஸ்ட் வரிசையில்தான் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு அம்மாள், கண்டிப்பான முகம். கண்ணாடியைத் தாழ்த்தச் சொன்னார். கீழ் ஸ்விட்சை அழுத்தினேன், அசையவில்லை. பயத்தில் கை தவறி மேல் ஸ்விட்சில் பட்டது, கண்ணாடி கீழே இறங்கியது. ஏற்றச் சொன்னார். கீழே அழுத்தினேன், மேலே போனது. அவரே கையை விட்டு நான்கு தரம் அழுத்திப் பார்த்தார். என் நெஞ்சில் பழைய இரும்புக்காரரின் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"இவன் ஆளு கொள்ளாமல்லோ. பறயுன்னதினு நேரே எதிரு!" என்று சிரித்தார். ஆள் பலே, சொன்னதற்கு நேரெதிராகச் செய்கிறானே என்று. பிறகு பேப்பரில் குறித்துக்கொண்டே, "பொங்குன்னுண்டு, தாழுன்னுண்டு. மதி" என்றார். ஏறுகிறது, இறங்குகிறது, போதும். சித்தப்பா, பாஸ்! இன்னும் ஐந்து வருஷம்!

கம்பியை ஆன்சன் சேட்டன் ஐந்து நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டார். நேற்று மாலை நான்கு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். கூரையில் மழை. அறுபது பக்கம் ஒரே மூச்சில் படித்தேன். ஐந்து மணிக்கு மாமி வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். உதடுகள் அசைந்தன. ஒன்றும் கேட்கவில்லை. நான் சிரித்துக் கையாட்டினேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். எனக்கு வேண்டியது இதுதான், பரிபூரண அமைதி.

ஆகவே ஒரே ஒரு விண்ணப்பம். டாஷ்போர்டில் மூடிபோட்ட ஒரு எவர்சில்வர் சம்புடம் ஒட்டவைத்திருக்கிறேன். அங்கேயும் கால் படாது. நீங்கள் திரும்பி வந்தபின் பிரசாதம் அதற்குள்தான் போகும், கதவுக்குள் போகாது என்று நீங்களும் சித்தியும் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். படித்தவர்கள் செய்கிற காரியமா இது?

சித்திக்கு என் நமஸ்காரம், நவநீத்துக்கு என் அன்பு. உங்கள் ஆசீர்வாதம் எனக்கு எப்போதும் வேண்டும், ரசீது போட்டும் போடாமலும்.

இப்படிக்கு,
ஜானவி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட வண்டியில் கிளம்பினேன். டெஸ்ட் பாஸானதற்கு ஒரு கும்பிடு போடலாமென்று வழியில் கோவிலில் இறங்கினேன். திரும்பி வந்து ஏறும்போது கையில் இலைக்கீற்றில் சந்தனமும் பூவும். கிழக்கேகோட்டை பஸ்ஸெல்லாம் பின்னால் நின்று ஹாரன் அடிக்கிறது, போலீஸ்காரர் விசில் ஊதுகிறார், கியர் போடக் கை வேண்டும். சம்புடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் கை, சித்தப்பா, என் கை தானாக அந்த இடுக்குக்குப் போய்விட்டது. தபாலை மறந்து வீட்டுக்கே திரும்பி, வாசலில் ஸ்விட்சை அழுத்தினேன். தொண்டையைச் செருமி, கண்ணாடி ஒரு சாண் இறங்கி நின்றுவிட்டது. ஐந்து மணி. அந்த ஒரு சாண் வழியாக முதலில் ஒரு தட்டு வடை வந்தது, பிறகு மாமியின் குரல்: "போனாளாடீ?" "போயிட்டா, மாமி." "ஐயோ! தனியாவா? மழையிலேயா? படிடீ, எனக்கும் கேக்கற மாதிரி படி." விளக்கு வைக்கும் நேரம் வரை உரக்கப் படித்தேன், இந்தப் பெண் இனி என்ன செய்வாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மேலே நான் கேட்ட கையெழுத்து வேண்டாம். ஆன்சன் சேட்டனுக்குப் போன் பண்ணிக் கண்ணாடி மறுபடி நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவசரமே இல்லை என்றும் சொல்லிவிட்டேன்.