தாம்பூலப் பையில் ஒரு வெள்ளைக்கார மருமகள்

படிக்காத புத்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. புத்தகம் குறுக்கே வந்து தொந்தரவு செய்யாது. என் இருபத்தாறு வயது வரை நான் அந்தச் சௌகரியத்தில்தான் வாழ்ந்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு உலக இலக்கியம், உலக சினிமா இரண்டுக்கும் நான்தான் ஒரே ஏஜென்ட். (சரக்கு கேட்டு யாரும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.)

என் கொள்கை எளிமையானது. வெளிநாட்டுக்காரன் எடுத்தால் படம், எழுதினால் புத்தகம். நம் ஆட்கள் செய்தால் குப்பை. வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நான் கதவில் சாய்ந்து நின்று ஆரம்பிப்பேன். "அம்மாவுக்கு ஆபரேஷன்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும். இவன் எதுக்கு மழையில நின்னு பாடிக்கினு இருக்கான்? வெளிநாட்டுப் படத்துல ஒருத்தன் பத்து நிமிஷம் ஜன்னலையே பாத்துக்கினு இருப்பான். வசனமே கிடையாது. அதான் கலை."

"ஏன், அவனுக்கு வேலை வெட்டி இல்லியா?" என்று அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார். அப்பா சாயப் பட்டறை வைத்திருப்பவர். பத்து நிமிஷம் சும்மா இருந்தால் பட்டு நிறம் மாறிவிடும். (அந்த ஜன்னல் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நான் தூங்கிப்போனதும், மழைப் பாட்டுப் படத்தை மொட்டை மாடியில் போனில் தனியாகப் பார்த்துத் தேம்பியதும் அவர்களுக்குத் தெரியாது.)

என்னை நம்பிய ஒரே ஜீவன் என் தங்கை மலர். அண்ணன் ஒரு புத்தகத்தை நல்ல புத்தகம் என்று சொல்லிவிட்டால் அவளுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. அவள் கல்யாணத்தில்தான் என் மானம் போனது.

மாப்பிள்ளை ஐயம்பேட்டை. பாஸ்கர் சாது. அவருடைய அப்பாவை நினைத்துத்தான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பயம். சொந்தமாகத் தறிகள் வைத்திருப்பவர். சேலையில் ஓர் இழை தப்பியிருந்தாலும் மடித்து, கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். சேலையாவது போகட்டும். மூத்த மகனுக்கு முதலில் பேசிய சம்பந்தத்தை, பத்திரிகையில் தன் அப்பா பெயரைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்பதற்காக நிறுத்தியவர் அவர். எங்கள் பத்திரிகை அச்சாகி வந்தபோது வீடே உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தோம். மலர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள்.

இந்த லட்சணத்தில் தாம்பூலப் பை பற்றிப் பேச்சு வந்தது. தேங்காய், வெற்றிலை பாக்கோடு ஒரு எவர்சில்வர் டப்பா போடலாம் என்றார் அப்பா. எனக்கு ரத்தம் கொதித்தது.

"உலகம் எங்கியோ போய்க்கினு இருக்குது, நாம இன்னும் டப்பா குடுத்துக்கினு இருக்கோம். புஸ்தகம் குடுக்கலாம்பா!"

சென்னையில் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்த நண்பன், விற்காமல் கிடந்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலைக் கட்டுக்கட்டாகத் தள்ளிவிடத் தயாராக இருந்தான். ஐரோப்பாவில் எங்கோ எழுதப்பட்டது. தலைப்பில் 'இல்லறம்' என்ற சொல் இருந்தது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கையில் விளக்கோடு வாசலில் நின்றாள். இதைவிட மங்களகரமாக ஓர் அட்டை அமையுமா? (அந்த விளக்கு எதைக் கொளுத்துவதற்கு என்பது பிற்பாடு தெரிந்தது.)

"நீ படிச்சியாடா?" என்று அம்மா கேட்டாள்.

"மூணு தடவ. மருமக ஒருத்தி வந்து புகுந்த வீட்டையே மாத்திடறா. அதான் கதை."

பின்னட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. அப்பா இன்னும் தயங்கினார். "அண்ணன் சொன்னா சரியா இருக்கும்பா" என்றாள் மலர். டப்பா தோற்றது.

ரிசப்ஷன் அன்று மண்டப வாசலில் மேசை போட்டுப் பைகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே புழுக்கம் தாங்காமல் மாப்பிள்ளையின் அப்பா, ஐயம்பேட்டை மாமா, வெளியே வந்தார். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பையைப் பிரித்தார்.

"இன்னாபா, புஸ்தகம்லாம் வெச்சிருக்கீங்க?"

"வெளிநாட்டுக் கதை மாமா. குடும்பக் கதை. நம்ம படம் மாதிரி அழுகாச்சிலாம் இருக்காது."

"கண்ணாடி ரூம்ல கெடக்குது. நீ ஒரு பக்கம் படி, கேக்கலாம்."

முதல் பக்கத்தைத் திறப்பவன் புதிதாகப் படிப்பவன் என்று நினைத்துவிடுவாரோ என்று நடுவில் திறந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று படித்தேன்.

"'மருமகள் மார்த்தா சூப் கிண்ணத்தைக் கொண்டுவந்து மாமனாரின் முன்னால் வைத்தாள்.'"

"மரியாதை தெரிஞ்ச பொண்ணு" என்று மாமா தலையை ஆட்டினார்.

நல்ல வேளையாக என் கண் வாயைவிட ஒரு வரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வரி இது: 'கிழவன் கடைசிச் சொட்டுவரை குடித்தான். தான் கலந்தது வேலை செய்ய அரை மணி நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். போன மாதம் கொழுந்தனுக்கும் அவ்வளவு நேரம்தான் ஆனது.'

நம் ஊர்ப் படமாக இருந்தால் விஷம் கலப்பதற்கு முன்னால் ஒரு பின்னணி இசையாவது வந்திருக்கும், நாமும் சுதாரித்திருக்கலாம். வெள்ளைக்காரர்கள் சத்தமே இல்லாமல் கொல்கிறார்கள். நாளைக் காலையில் தாலி கட்டிக்கொள்ள வேண்டிய பெண்ணின் வீட்டிலிருந்து, வருகிற மாமனார், கொழுந்தன், நாத்தனார் எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்!

"மேல படிபா" என்றார் மாமா.

படித்தேன். அதாவது, புத்தகத்தைப் பார்த்தபடி வாயில் வந்ததைச் சொன்னேன். வாயில் வந்ததெல்லாம் நான் இத்தனை வருஷம் குப்பை என்று திட்டிய படங்கள்தான். சூப்பைக் குடித்த மாமனார், "என் அம்மா கைப்பக்குவம்" என்று கண் கலங்கினார். உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆபரேஷனுக்கு மார்த்தா வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். வீட்டை விட்டு ஓடிப்போன கொழுந்தன் அதே ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தான். மார்த்தா கொட்டும் மழையில் ஓடினாள். பாட்டு ஒன்றுதான் பாக்கி.

மாமா துண்டால் மூக்கைத் துடைத்தார். "ஏ, இங்க வாங்கபா! இன்னாமா எழுதி இருக்கான் பாருங்க!" என்று ஆட்களைக் கூப்பிட்டார். என்னைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் போகிற வேகத்தில் மார்த்தாவுக்கு வளைகாப்பே நடத்திவிட்டேன்.

"வெள்ளைக்காரங்க வீட்லயும் வளகாப்பு இருக்குதா?" என்று மாமாவின் மனைவி ஆச்சரியப்பட்டார்.

"கிராமத்துப் பக்கம் இருக்குது அத்தை" என்றேன்.

"நல்லா கோர்வையா இருக்குது" என்று தீர்ப்புச் சொன்னார் மாமா. கரையையும் உடலையும் பிசிறில்லாமல் இணைத்த சேலையைத்தான் அவர் அப்படிச் சொல்வாராம். நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் யாரோ அவருடைய கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். "மிச்சத்த நானே படிச்சிக்கிறேன்" என்று புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழுந்தார்.

நான் மேடைக்கு ஓடினேன். மலரும் பாஸ்கரும் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போட்டோ எடுப்பவன் என்னையும் பக்கத்தில் நிறுத்திவிட்டான். சிரித்துக்கொண்டே அவள் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவளும் சிரிப்பு மாறாமல் உதட்டை அசைக்காமல் பேசினாள்.

"மூணு தடவ படிச்சேன்னு சொன்னியேண்ணா."

"பின்னட்டைய மூணு தடவ படிச்சேன்."

"எத்தினி பேரு சாவறாங்க?"

"இதுவரைக்கும் ரெண்டு. இன்னும் பாதி புஸ்தகம் இருக்குது."

அவள் சிரித்தபடியேதான் இருந்தாள். கண்ணில் மட்டும் தண்ணீர் கட்டிக்கொண்டது. ஆல்பத்தில் அந்தப் போட்டோ இருக்கிறது. அண்ணனைப் பிரிகிற சோகம் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

அம்மாவிடம் போய்ப் பைகளைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று கேட்டேன். "குடுத்த தாம்பூலத்த எவனாவது திருப்பி வாங்குவானா? உன் தங்கச்சி வாழ வேணாமா?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். கொடுக்காத பைகளிலிருந்து புத்தகத்தை உருவிவிட்டு ஆளுக்கு ரெண்டு தேங்காயாக வைத்தோம். ஆனால் மாமாவிடம் இருக்கிற பிரதியை என்ன செய்வது?

அவரைச் சாப்பாட்டுப் பந்தியில் பிடித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இலைக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து, வலது கையால் பிசைந்து இடது கையால் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. பரிமாறுகிறவர் கையிலிருந்து ரச வாளியைப் பிடுங்கிக்கொண்டு போய், டம்ளரில் ஊற்றுகிற சாக்கில் புத்தகத்தின் மேல் கொட்டிவிடுவது.

குறி தவறியது. பாதி ரசம் அவருடைய பட்டு வேட்டியில் விழுந்தது. மீதி, எப்படியோ, ஒரு சொட்டுச் சிந்தாமல் டம்ளரில் விழுந்தது. புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வேட்டியைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்தார். பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இன்னா இது?"

"ரசம் மாமா."

"சூப்பு மாதிரி இருக்குது."

நான் அந்த இடத்திலேயே செத்திருந்தால் எவ்வளவோ மரியாதையாக இருந்திருக்கும். அவர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "நீ குடி."

பந்தி முழுவதும் கை நின்றுவிட்டது. கொதிக்கக் கொதிக்கக் குடித்தேன்.

"அரை மணி நேரம் இங்கியே உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் பாயசம் வரை சாப்பிட்டு, எதிரில் என்னை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டே இருந்தார். அது கோபமா விளையாட்டா என்று அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. நேரம் ஆனதும் கையைக் கழுவிக்கொண்டு, புத்தகத்தோடு தன் அறைக்குப் போய்விட்டார். அப்பா என்னிடம் வந்து, "இந்தக் கல்யாணம் நின்னுச்சின்னா நீ வீட்டுக்கு வராத" என்றார். அவர் அப்படிச் சாந்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

காலையில் மணவறையில் மாப்பிள்ளை இருந்தார், ஐயர் இருந்தார், மாமா இல்லை. அவர் அறைக் கதவு சாத்தியிருந்தது. மலர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்னை நம்பிய ஒரே ஆளை, படித்தவன் என்று பெயர் வாங்குவதற்காக நடுத்தெருவில் நிறுத்திவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது. ஒரு புத்தகத்தைத் திறந்து பார்க்க எனக்கு என்ன கேடு?

கதவு திறந்தது. மாமா வந்தார். கண்ணிரண்டும் ரத்தச் சிவப்பு. நேராக மணவறைக்குப் போய் மனைவி பக்கத்தில் நின்றார். கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது. நான் போட்ட அட்சதை யார் தலையில் விழுந்ததோ தெரியாது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு அழுதுகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாமா என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துக்கொண்டு போனார்.

"கடைசியில வீட்டையே கொளுத்திடறா. தெரியுமா?"

"தெ... தெரியும் மாமா."

"தெரியாது உனக்கு." அவர் கொட்டாவி விட்டார். "விடிய விடிய படிச்சேன்பா. கீழ வெக்க முடியல. ஆனா சூப்புல இன்னா கலந்தான்னு அந்த ஆளு எழுதவே இல்ல. அது ஒண்ணு குறை."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"நீ சொன்ன கதையில அழுதேன். இந்தக் கதையில தூக்கம் போச்சி. எது ஒசத்தின்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. ஒண்ணு மட்டும் தெரியும். தமிழ்ப் படம் பாத்து விக்கி விக்கி அழுதவனுக்குத்தான் அப்படிக் கதை சொல்ல வரும். நீ எதுக்கு வெளியில வேற மாதிரி பேசிக்கினு திரியற?"

பின்னாலேயே வந்து நின்ற அப்பா அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார். இருபத்தாறு வருஷம் கட்டிக் காத்த பெயர் அந்த மண்டபத்தோடு போயிற்று.

மலருக்கு இப்போது இரண்டு குழந்தைகள். அந்த வீட்டில் அவள் சமையலை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. உப்பு இல்லாவிட்டாலும் வாயைத் திறக்கமாட்டார்கள். நான் போகிற நாளில் மட்டும் யாரும் முதலில் சாப்பிடமாட்டார்கள். எனக்கு இலை போட்டு, எல்லாம் பரிமாறி, சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். குழந்தைகள் "மாமா இன்னும் உயிரோட இருக்காரு தாத்தா" என்று கத்திய பிறகுதான் மற்றவர்களுக்கு இலை விழும். மலர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எப்படிண்ணா இருக்குது?" என்று கேட்பாள். நான் இப்போதெல்லாம் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.